அந்த வட்டத்தை எடுத்துவிடாதீர்கள்

வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு வரைபடம் அனுப்பியிருந்தார். ட்ரோனின் வயிற்றில் பொருத்துகிறோமே, நம்முடைய இணைப்புத் தட்டு, அதன் படம். தட்டின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெற்று வட்டம் இருக்கிறதல்லவா, அதற்குச் சிவப்பு அம்புக்குறி போட்டு, "அங்கிள், இங்க ஒன்னுமே இல்லையே, எதுக்கு இது? எடுத்துட்டா எடை குறையும்லா. மின்முனைகளையும் ஏன் இவ்ளோ ஆழத்துல கொண்டுபோய் ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டிருந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் கேட்கப்படும் கேள்விகளெல்லாம் மீனை வறுப்பதா குழம்பு வைப்பதா என்ற வகையைச் சேர்ந்தவை. அதற்கும் நான் சொல்கிற பதிலுக்கு நேர்மாறாகத்தான் சமையல் நடக்கும். ஆகவே வேலை சம்பந்தமாக ஒருவர் கேட்டுவிட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அவசர வேலை இருப்பவர்கள் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு, முழுவதும் படித்ததாக என்னிடம் சொல்லலாம். நானும் என் பாஸிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதெல்லாம் பொதுத் தட்டு என்று ஒன்று கிடையாது. ராணுவத்தின் ஒரு பிரிவு எல்லைக் காவலுக்கும் வெள்ள மீட்புக்கும் சின்ன ட்ரோன்களைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஒரு கம்பெனியின் கேமரா இன்னொரு கம்பெனியின் ட்ரோனில் மாட்டாது. ஒலிபெருக்கி வேண்டுமென்றால் வேறு ட்ரோன், மருந்துப் பெட்டி வேண்டுமென்றால் வேறொன்று. வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு எது எதில் மாட்டும் என்று தேடியிருக்கிறார்கள். வெறுத்துப்போன மேஜர் ஒருவர், எந்தச் சுமையும் எந்த ட்ரோனிலும் மாட்டுகிற மாதிரி ஒரே தட்டு செய்து காட்டுங்கள், இல்லையென்றால் மொத்தமாக வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிடம் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மூன்று சின்னக் கம்பெனிகள் ஒரே மேசைக்கு வந்தோம். ட்ரோன் உடம்பு செய்கிற பரமசிவம் அண்ணே. கேமராவும் ஒலிபெருக்கியும் செய்கிற லிம். நடுவில் தட்டு செய்கிற நாங்கள். இந்தக் குழுவுக்குச் செயலாளர் நான். ஏன் நான் என்றால், தேர்வு நடந்தபோது நான் டாய்லெட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

லிம் சீனர், ஆனால் நிபோங் திபால் எஸ்டேட் பக்கம் வளர்ந்தவர். நம்மைவிடச் சுத்தமாகத் தமிழில் திட்டுவார். பரமசிவம் அண்ணேக்குத் திட்ட வராது, ஆனால் விட்டுக்கொடுக்கவும் வராது. தட்டை வலப்பக்கம் திருகிப் பூட்ட வேண்டும் என்பார் இவர், இடப்பக்கம் என்பார் அவர். யார் ஜெயித்தாலும் மற்றவர் தன் அச்சுகளை எல்லாம் தூக்கிப் போட வேண்டும். ஒவ்வொரு கூட்டமும் இப்படித்தான் முடியும்:

"பரமா, நீ வேணும்னா ஒன் தலைய வலப்பக்கம் திருகிக்கோ. என் கேமரா திரும்பாது."

"ஒங்க கேமரா திரும்பாதுன்னுதான் ஊருக்கே தெரியுமே லிம்."

நான் அதைக் குறிப்பில் "பயனுள்ள கருத்துப் பரிமாற்றம்" என்று எழுதிக்கொள்வேன்.

எங்கள் கம்பெனியின் சோதனை அறைக்குத் தலைவி செலின் அக்கா. என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனாலும் எல்லோருக்கும் அக்கா. பெரிய தொழிற்சாலையில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு, இந்தப் பொதுத் தட்டை நம்பி எங்களிடம் வந்தவர். அவரோடு அவர் பேச்சைக் கேட்டு இன்னும் சில பேரும் வந்திருந்தார்கள். எங்கள் பாஸ் நல்ல மனுஷி, ஆனால் கணக்கு வேறு. மேஜர் வேண்டாம் என்றால் சோதனை அறையை மூடிவிட்டு அதைக் கிடங்காக ஆக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை. காலி அட்டைப்பெட்டிகள் அப்போதே அறை வாசலில் வந்து அடுக்கப்பட்டுவிட்டன. செலின் அக்கா தினமும் அந்தப் பெட்டிகளுக்கு நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் உள்ளே போவார். ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டார். நான் ஒருமுறை பெட்டி இடித்து விழுந்து, அதற்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் தேடவில்லை.

எப்படியோ தட்டு உருவாகிவிட்டது. வலப்பக்கமா இடப்பக்கமா என்ற சண்டையை, திருகவே வேண்டாம், நேராக அழுத்தினால் போதும் என்று செலின் அக்கா முடித்துவைத்தார். மூன்று பேருமே அச்சுகளைத் தூக்கிப் போட்டதால் மூன்று பேருக்கும் நிம்மதி.

தட்டை வரைந்தது நான். நடுவில் தங்க முலாம் பூசிய மின்முனைகள், திறந்த முகமாக, பளபளவென்று. அவற்றில் ஒன்று மட்டும் பெயர் கேட்கும் முனை. மாட்டியிருப்பது கேமராவா ஒலிபெருக்கியா என்று ட்ரோன் அதன் வழியாகத்தான் தெரிந்துகொள்ளும். சுமைக்குள் இருக்கிற ஒரு குட்டி மின்தடையின் அளவுதான் அதன் பெயர். கேமராவுக்கு ஓர் அளவு, ஒலிபெருக்கிக்கு ஓர் அளவு. எளிமையான ஏற்பாடு. என் அழகுணர்ச்சியைப் பார்த்து நானே வியந்து, தட்டைக் கைபேசியில் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். தோசைக்கல்லா என்று கேட்டாள்.

செய்துகாட்டும் நாளும் வந்தது. இடம், நிபோங் திபாலில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு திடல். லிம்மின் உறவினருடையது. ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் ஒரு தாமான் குடியிருப்பு, வரிசையாக வீடுகள். முந்தின நாளே தொழிற்சாலையில் எல்லாவற்றையும் மாட்டிக் கழற்றிப் பார்த்தாயிற்று. கேமரா, ஒலிபெருக்கி, மருந்துப் பெட்டி, எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன.

மேஜர் வருவதற்கு முன்பு பரமசிவம் அண்ணே எலுமிச்சம்பழங்களை எடுத்து ட்ரோனின் கால்களுக்கு அடியில் வைத்தார். புதுக் கெரேத்தா வாங்கினால் சக்கரத்துக்கு வைப்போமே, அந்த மாதிரி.

"அண்ணே, கார்னா நசுக்கிக்கிட்டுப் போகும். இது மேல போகுமே," என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு ட்ரோனின் முதுகில் இரண்டு கையையும் வைத்து, பழங்கள் நசுங்கும்வரை அழுத்தினார். "இப்பப் போகட்டும்," என்றார்.

மேஜர் வந்தார். மெலிந்த உடம்பு, சிரிக்காத முகம். அவர் பேசியதெல்லாம் மலாய், நான் தமிழில் சொல்கிறேன். மேசைமேல் இருந்த சுமைகளைப் பார்த்தார். நாங்கள் கேமராவைத்தான் முதலில் எடுப்பார் என்று அதை முன்னால் வைத்திருந்தோம். அவர் பின்னால் இருந்த ஒலிபெருக்கியை எடுத்துப் பரமசிவம் அண்ணே கையில் கொடுத்தார். அண்ணே குனிந்து, தடவிப் பார்த்தே மாட்டினார். டக்கென்று பூட்டிக்கொண்டது. மேஜர் தலையசைத்தார். ட்ரோன் எழும்பியது.

கட்டுப்பாட்டுப் பெட்டி லிம்மின் கையில். "கேமரா தயார்" என்றது திரை.

"இது ஸ்பீக்கர்லா. என்ன கேமராங்குது," என்று லிம் என் காதில் சொன்னார்.

"ஏதாவது செய்யுங்க, அவரு பாக்குறாரு."

திரை கறுப்பாக இருந்தது. கேமரா என்று ட்ரோன் அடம்பிடிக்கிறது, சரி, கேமராவாகவே நடத்துவோம் என்று லிம் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டார். கேமராவுக்குப் பதிவு என்கிற கட்டளை, ஒலிபெருக்கியின் காதில் "பாடு" என்று விழும்.

ஒலிபெருக்கிக்குள் என்ன இருந்தது என்பதை இப்போது நான் சொல்லியாக வேண்டும். சோதனைக்காக யாராவது ஒரு குரல் பதிவு செய்யுங்கள் என்று லிம் கேட்டபோது, கவனம், விலகி நில்லுங்கள் என்று கட்டைக் குரலில் பேச எனக்கு அலுப்பாக இருந்தது. நம் ஊர்த் தெருக்களில் பழைய செய்தித்தாள் வாங்க லாரி வருமே, மூக்கால் இழுத்து மலாயில் கூவிக்கொண்டே, அதே மாதிரி கூவிவிட்டேன். நன்றாக வந்திருந்தது. உண்மையான லாரிக்காரரே ஏமாறுவார்.

வானத்தில் இருந்து அது கேட்டது.

"சூராட் காபார்... லாமா... சூராட் காபார்... லாமா..."

மேஜர் அண்ணாந்து பார்த்தார். லிம் படத்தைத் தேடி, பெரிதாக்கும் சக்கரத்தைத் திருகினார். சத்தம் கூடியது. இன்னும் திருகினார். இன்னும் கூடியது. நிறுத்தலாம் என்று பொத்தானை மறுபடி அழுத்தினார். முதலில் இருந்து ஆரம்பித்தது.

தாமானில் ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு ஓர் அக்கா, இரண்டு கையிலும் செய்தித்தாள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு திடலுக்குள் நேராக எங்களிடமே வந்தார்.

"லாரி எங்க தம்பி?"

"மேல இருக்குக்கா," என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் மேலே பார்த்தார். சீருடையில் இருந்த மேஜரைப் பார்த்தார். "இப்பல்லாம் ஆர்மியே எடுக்குதா," என்று கேட்டுவிட்டு, கட்டுகளை மேஜரின் பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார். "எடை போடுங்க. நான் நிக்கிறேன்."

ஒருவழியாக ட்ரோனை இறக்கினோம். புல் ஈரமாக இருந்ததால் செலின் அக்கா அந்தச் செய்தித்தாளிலேயே கொஞ்சம் விரித்து, ட்ரோனை மல்லாத்தி வைத்து, ஒலிபெருக்கியைக் கழற்றினார். நாங்கள் மூன்று பேரும் குனிந்தோம்.

என் தங்கத் தட்டின் நடுவில், மின்முனைகளின் மேலேயே, ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம். அதற்குப் பக்கத்தில் வேறு ஒரு சிவப்பு, சாயம் போல. எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு கொஞ்சம் தண்ணீர். மொத்தமும் குழைந்து பெயர் கேட்கும் முனையை மூடியிருந்தது. மின்தடையின் அளவு மாறிப்போய், ஒலிபெருக்கி தன்னைக் கேமரா என்று சொல்லியிருக்கிறது.

"பொட்டு நான்தான்," என்று பரமசிவம் அண்ணே மெதுவாகச் சொன்னார். "முன்னாடி வெக்கலாம்னா அங்க சென்சார் இருக்கு. இதுதான் வழவழன்னு இருந்துச்சு."

லிம் தொண்டையைச் செருமினார். சிங்க நடனத்தில் புதுச் சிங்கத்துக்குக் கண் திறக்கச் சிவப்புப் புள்ளி வைப்பார்கள். கேமராவுக்குக் கண் திறக்க நினைத்திருக்கிறார். கண்ணாடியில் சாயம் வைத்தால் படம் கெட்டுவிடும். "அதான் கண்ணு மாட்டுற எடத்துல வெச்சேன்."

"அப்ப தண்ணி?" என்றேன்.

செலின் அக்கா என்னைப் பார்க்கவில்லை. "மாதா கோயில் தீர்த்தம்," என்றார்.

ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் செய்திருக்கிறார்கள். எத்தனையோ கூட்டங்களில் ஒரு திருகாணிக்குக்கூட ஒத்துப்போகாத மூன்று பேர், சாமி விஷயத்தில் மட்டும் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தை அவ்வளவு பளபளப்பாக, கைவைக்கத் தூண்டுகிற மாதிரி வரைந்த மேதை நான்.

இங்கேதான், தம்பிகளே தங்கைகளே, நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மேஜர் தூரத்தில் அந்த அக்காவிடம் மாட்டிக்கொண்டிருந்தார். செலின் அக்கா கையில் டிஷ்யூ இருந்தது. ஒரு தடவை துடைத்தால் போதும். மேஜர் திரும்பி வரும்போது எல்லாம் வேலை செய்யும். வயர் லூஸாக இருந்தது சார், சரியாகிவிட்டது என்று சொல்லலாம். மூன்று ஆண்பிள்ளைகளும் அதைத்தான் சொன்னோம்.

"துடைச்சிருங்கக்கா."

"சீக்கிரம்லா, வர்றாரு."

"அக்கா, அட்டைப்பெட்டிய நெனச்சுப் பாருங்க," என்றேன் நான். என்னுடைய பங்களிப்பு.

அவர் டிஷ்யூவைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தார். பெட்டிகளை நினைத்துத்தான் பார்த்திருப்பார், எனக்குத் தெரியும். பிறகு டிஷ்யூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சார், இங்க வாங்க," என்று கூப்பிட்டார்.

மேஜரிடம் தட்டைக் காட்டினார். சந்தனம் இவருடையது, சாயம் அவருடையது, தண்ணீர் என்னுடையது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மேஜர் என் பக்கம் கையைக் காட்டி, இவர் என்ன வைத்தார் என்று கேட்டார்.

"இவரு எதுவும் வெக்கல சார். வரைஞ்சாரு."

மேஜர் என்னை உற்றுப் பார்த்த பார்வையில், லாரிக்காரர் குரல் யாருடையது என்பதையும் கண்டுபிடித்துவிட்டார் என்று தோன்றியது.

"தொடச்சா இப்பவே வேலை செய்யும் சார்," என்றார் செலின் அக்கா. "ஆனா ஒங்க ஆளுங்க கையில போனதுக்கப்புறம் அங்க வேற ஏதாவது படும். விரல் போற எடத்துல முனைய வெச்சிருக்கோம். தப்பு அங்கதான்."

மேஜர் டிஷ்யூவை வாங்கித் தட்டைச் சுத்தமாகத் துடைத்தார். பிறகு நடந்துபோய், வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் விரலை விட்டு, திரும்பி வந்து, அதே இடத்தில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார். ஒலிபெருக்கியை மாட்டச் சொன்னார். பறக்கவிடச் சொன்னார். பதிவுப் பொத்தானை அழுத்தச் சொன்னார்.

"சூராட் காபார்... லாமா..."

நைட்டி அக்கா, "இருங்க, வீட்டுல இன்னொரு கட்டு இருக்கு," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மேஜர் முதல்முறையாகச் சிரித்தார். கொஞ்சம்தான். பிறகு செலின் அக்காவிடம் சொன்னார்: "நீங்க தொடச்சிருந்தா இன்னிக்கு நான் சரின்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். எல்லையில என் ஆளு ஒருத்தன் ஒளிஞ்சு உக்காந்திருக்கும்போது இது அவன் தலைக்கு மேல பேப்பர் வாங்க வந்திருக்கும்."

அதுவரை எனக்கு எல்லாமே வேடிக்கையாகத்தான் இருந்தது.

சூழ்நிலையைக் காப்பாற்ற நினைத்து, "சார், தட்டின் மேல் எந்தப் பொருளையும் பூசக்கூடாது என்று தர ஆவணத்தில் ஒரு விதி எழுதிவிடுகிறோம்," என்றேன்.

"யாரு கேப்பாங்க?" என்றார் மேஜர். "நீங்க மூணு பேரும் சேந்துதானே விதி எழுதுனீங்க. நீங்களே கேக்கலையே. விரல் போகாத ஆழத்துக்கு முனைய எறக்குங்க. பொட்டு வெக்க வேற ஒரு எடம் விடுங்க. எடம் இருந்தா அங்க வெப்பாங்க, இல்லன்னா தோணுன எடத்துல வெப்பாங்க."

"ஒங்க ஆளுங்களும் வெப்பாங்களா சார்?" என்று லிம் கேட்டார்.

"நாங்க துஆவ மனசுல சொல்லிக்குவோம். துடைக்க வேண்டியதில்ல," என்றார் மேஜர். இன்னொரு வாய்ப்பு தருவதாகச் சொல்லிவிட்டு, அந்தச் சோதனைத் தட்டையும் தன்னோடு எடுத்துக்கொண்டு போனார். செய்தித்தாள் கட்டுகள் என் காருக்குள் ஏறின. அந்த அக்கா விடவில்லை.

அடுத்த கூட்டம் எங்கள் குழுவின் பொற்காலம். எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும் என்று பார்க்க எல்லோரும் ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தோம். பரமசிவம் அண்ணேயின் விரல் வாசலிலேயே நின்றுவிட்டது. என் விரல் பாதி போனது. ஆனால் லிம் சுண்டுவிரலில் நீளமாக நகம் வளர்ப்பவர். அது சாவகாசமாக உள்ளே போய் முனையைத் தட்டியது.

"நகத்த வெட்டிருங்க லிம், ஆழம் கொறையும்," என்றார் பரமசிவம் அண்ணே.

"ராசிலா. தொடாத."

நகம் வெட்டப்படவில்லை. முனைகள்தான் இன்னும் கீழே இறங்கின. ஆக, ஏன் இவ்வளவு ஆழம் என்று கேட்டவருக்குப் பதில் இதுதான். தர ஆவணத்தில் "வயது வந்தவர் எவருடைய விரலும் எட்டாத ஆழம்" என்று கௌரவமாக எழுதியிருக்கும். அது லிம்மின் நகம். வட்டத்துக்கு நான் படத்தில் எழுதிய பெயர் "ஒதுக்கப்பட்ட பகுதி". அதைவிட நாகரிகமாக எனக்கு எழுதத் தெரியவில்லை.

இரண்டாம் தடவை அதே திடலில் செய்துகாட்டினோம். பரமசிவம் அண்ணே பொட்டை வட்டத்தில் வைத்தார். பக்கத்தில் லிம்மின் புள்ளி. செலின் அக்கா ஒரு சொட்டு விட்டார். மேஜர் மறுபடியும் சேற்று விரலோடு வந்து முனை இருக்கும் குழியை நோண்டிப் பார்த்தார், முடியவில்லை. கேமரா கேமராவாக இருந்தது, ஒலிபெருக்கி ஒலிபெருக்கியாக. குரலை மாற்றச் சொல்லிவிட்டார்கள், அது மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம். நைட்டி அக்கா வாசலிலேயே நின்று, கட்டைத் தயாராக வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மேஜர் தன் வண்டியில் இருந்து எங்கள் பழைய தட்டை எடுத்துவந்து திருப்பிக் கொடுத்தார். அதில் வட்டம் கிடையாது. ஆனால் ஓரத்தில், வட்டம் வர வேண்டிய அதே இடத்தில், ஒரு வெள்ளி நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்தில் டீச்சர் ஒட்டுவாரே, அது. அவர் எங்களைப் பார்க்காமல் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு, "மக ஒட்டிட்டா. புது தட்டுலயும் ஒட்டணுமாம்," என்றார்.

செலின் அக்கா தட்டை வாங்கி, வெயிலில் சாய்த்துப் பார்த்தார். "முனையில படல சார்," என்றார். "அப்ரூவ்ட்."

மறுநாள் சோதனை அறை வாசலில் அட்டைப்பெட்டிகள் இல்லை. செலின் அக்கா பழக்கதோஷத்தில் உடம்பை ஒடுக்கிக்கொண்டே உள்ளே போனார். அவர் பின்னால் நானும் அப்படியே போனேன்.

எடை குறையும் என்று சொல்கிறீர்கள். குறையும்தான். ஆனால் அந்த வட்டத்தை எடுப்பதென்றால், பரமசிவம் அண்ணேயிடமும் லிம்மிடமும் செலின் அக்காவிடமும் நான் பேசிக்கொள்கிறேன். மேஜரின் மகளிடம் நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.